சனிக்கிழமைச் சம்பளம்: பெருந்தொற்றும் திருப்பூர் முதலாளியின் மனநெருக்கடியும்

பனியன் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டியாகிவிட்டால் வேலை முடிந்தது என்று பொருள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு உடுப்பிலும் வாங்குபவரின் பிராண்டு லேபிள் தைக்கப்பட்டிருக்கும். தொங்கும் சீட்டில் யூரோவிலோ பவுண்டிலோ விலை அச்சாகியிருக்கும். 2020 மார்ச் மூன்றாவது வாரத்தில் திருப்பூர்க் குடோன்களில் தேங்கி நின்றவை இப்படி ஒட்டி முடித்த பெட்டிகள். ஐரோப்பாவின் கோடைக்காலத்துக்குப் போகவேண்டிய சரக்கு அது. ஆண்டின் முதல் மாதங்களில் கப்பலேறினால்தான் அங்கே வெயில் வரும்போது கடைக்கு வந்து சேரும். ஆனால் பெருந்தொற்றால் அங்கே கடைகளே சாத்தப்பட்டிருந்தன. சில ஆர்டர்கள் ரத்தாயின. சிலவற்றுக்குத் தள்ளுபடி கேட்டார்கள். பலவற்றுக்குப் பணம் தரக் கூடுதல் தவணை கேட்டார்கள். இன்னொருவர் பிராண்டு ஒட்டிய சரக்கை உள்ளூரில் விற்கவும் வழியில்லை.

மார்ச் 24 இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. திருப்பூரில் பெரும்பாலும் வாரச் சம்பளம். சனிக்கிழமை மாலை கையில் பணம் வந்தாக வேண்டும். ஊரடங்கின் முதல் சனிக்கிழமை மார்ச் 28.

அந்த நாளையும் அதற்குப் பின் வந்த மாதங்களையும் தொழிலாளியின் பக்கமிருந்து நிறையவே எழுதியிருக்கிறார்கள். அதுதான் முறை; பசியும் நடைப்பயணமும் அவர்களுடையவை. மேசைக்கு மறுபுறம் இருந்தவருக்கு என்ன ஆனது என்பது பற்றிய எழுத்து குறைவு. இருப்பதும் பெரும்பாலும் பெருநிறுவனத் தலைமை நிர்வாகிகளைப் பற்றியது. ஐம்பது பேரை, நூறு பேரை வைத்துத் தொழில் நடத்தும் சிறு முதலாளியின் நெருக்கடி வேறு வகைப்பட்டது. அதைப் புரிந்துகொள்ளத் திருப்பூரிலிருந்து சற்று விலகி, ஒரு பழைய ஆய்வுக்கூடத்துக்குள் போய்வர வேண்டும்.

குரங்கும் எலியும்

அமெரிக்காவின் வால்டர் ரீட் இராணுவ ஆய்வு நிறுவனத்தில் ஜோசப் பிராடி என்ற உளவியலாளர் 1950களில் ஒரு சோதனை நடத்தினார். இரண்டிரண்டு குரங்குகளாக நாற்காலியில் கட்டி உட்காரவைத்தார். குறித்த இடைவெளியில் இரண்டுக்கும் மின்னதிர்ச்சி வரும். ஒரு குரங்கின் கையருகே நெம்புகோல் இருந்தது. அது விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் இரண்டுக்குமே அதிர்ச்சி வராது. நெம்புகோல் பிடித்த குரங்குக்கு 'நிர்வாகிக் குரங்கு' என்று பெயர் வைத்தார்கள். வயிற்றுப்புண் வந்து செத்தது அந்தக் குரங்குதான். முடிவெடுக்கும் பொறுப்பே நோய் தருகிறது என்ற முடிவை 1958இல் வெளியான கட்டுரை பரப்பியது. 'மேலே இருப்பவனுக்குத்தான் அல்சர்' என்ற நம்பிக்கைக்கு அறிவியல் முத்திரை கிடைத்துவிட்டது.

சோதனையில் ஓர் ஓட்டை இருந்தது. நெம்புகோலை வேகமாக அழுத்தக் கற்ற, இயல்பிலேயே பதற்றம் கூடிய குரங்குகளைத்தான் பிராடி நிர்வாகிகளாக்கியிருந்தார். ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் எலிகளைக் கொண்டு, பாரபட்சமின்றிப் பிரித்து, அதே கேள்வியை மறுபடி கேட்டார். விடை தலைகீழானது. அதிர்ச்சியைத் தவிர்க்கும் பிடி தன்னிடம் இருந்த எலிக்குப் புண் குறைவு. பிடியில்லாமல் வாங்கிக்கொண்ட எலிக்கு அதிகம். முன்னெச்சரிக்கை ஒலி கேட்ட எலிகளுக்கு இன்னும் குறைவு.

1971இல் வைஸ் வெளியிட்ட இன்னொரு சோதனை இந்தக் கட்டுரைக்கு மிக முக்கியம். அதில் எலியிடம் பிடி இருந்தது. ஆனால் தப்பிப்பதற்கு அது செய்யும் செயலுக்கே ஒரு சிறு அதிர்ச்சியையும் சேர்த்துவிட்டார்கள். சும்மா இருந்தாலும் அடி, தப்பிக்க முயன்றாலும் அடி. இந்த எலிகளுக்கு, பிடியே இல்லாத எலிகளைவிடவும் மோசமாகப் புண் வந்தது.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளும் இதே திசையில்தான் போகின்றன. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வுகளில் இதயநோய் மேலதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களையே அதிகம் தாக்கியது. கேரி ஷெர்மன், ஜெனிஃபர் லெர்னர் முதலியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், தலைமைப் பதவியில் இருப்பவர்களின் உமிழ்நீரில் கார்டிசோல் என்ற நெருக்கடிச் சுரப்பு மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. நிலைமை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வே அதற்குக் காரணம் என்பது அவர்கள் விளக்கம்.

ஆக, தலைமைப் பொறுப்பு தன்னளவில் நோய் தருவதில்லை. பிடி போன பிறகும் பொறுப்பு மட்டும் தங்கிவிடும்போது தருகிறது. எந்த முடிவை எடுத்தாலும் அடி என்ற நிலை வந்துவிட்டால் இன்னும் கடுமையாகத் தருகிறது. 2020இல் திருப்பூர் முதலாளி போய் நின்ற இடம் வைஸின் அந்த 1971ஆம் ஆண்டுச் சோதனைக் கூண்டு.

பிடி எவ்வளவு இருந்தது?

திருப்பூரில் முதலாளி என்றால் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஷரத் சாரி என்ற புவியியலாளர் திருப்பூர் பற்றி 2004இல் வெளியிட்ட நூல், உழவுத் தொழிலிலிருந்து வந்து தொழிலாளியாகச் சேர்ந்து பின்னர் சொந்தக் கம்பெனி வைத்தவர்களின் வரலாற்றை விரிவாகப் பேசுகிறது. இவர்களில் பலருக்குச் சொந்த உழைப்பே முதல் மூலதனம். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைத்தவரே பின்னாளில் ஓனர். கம்பெனிக்குப் பத்திரம் வைத்தது குடியிருக்கும் வீட்டை. முதல் மெஷின் வாங்கியது மனைவியின் நகையில். தொழில் வேறு, குடும்பம் வேறு என்று கோடு போட முடியாது. ஒற்றை உரிமையாளர் நிறுவனத்தில் சட்டமும் அப்படிக் கோடு போடுவதில்லை. கம்பெனியின் கடன் அவருடைய சொந்தக் கடன்.

ஆண்டுக்குச் சுமார் 25,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த ஊர் இது. ஆனால் அந்தத் தொகை ஒரு நீண்ட சங்கிலி வழியே பிரிந்து போகிறது. நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி தனித்தனி. தைப்பதைப் பவர் டேபிள்காரர்கள் எனப்படும் சிறு தையற்கூடத்தாரிடம் கொடுப்பதும் உண்டு. இவற்றில் பலவும் ஜாப் ஒர்க். வேலை முடித்துக் கொடுத்துப் பணத்துக்குக் காத்திருப்பவை. சங்கிலியின் உச்சியில் இருக்கும் வெளிநாட்டு வாங்குநர் விலையையும் தேதியையும் முடிவு செய்கிறார். எக்ஸ்போர்ட்டர் வங்கியில் பேக்கிங் கிரெடிட் எடுத்து, அதில் நூல் வாங்கிச் சங்கிலியை ஓடவைக்கிறார். சரக்கு போய்ப் பணம் வந்தால்தான் அந்தக் கடன் அடையும்.

சாதாரண நாளிலேயே இங்கே முதலாளியின் பிடி சிறியது. ஆனால் அது பழகிய பிடி. நூல் விலை ஏறினால் எந்த ஆலையில் கேட்கலாம், சாயம் தாமதமானால் யாரைப் பிடிக்கலாம், சனிக்கிழமைக்குப் பணம் குறைந்தால் யாரிடம் கைமாற்று வாங்கலாம் என்ற அறிவுதான் அவருடைய நெம்புகோல். ஊரடங்கு அறிவித்த இரவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பணம் தேவைப்பட்டது. கைமாற்றுக் கொடுப்பவரே கைமாற்றுக்கு அலைந்தார். நெம்புகோல் கையோடு வந்துவிட்டது.

எதைச் செய்தாலும் அடி

ஊரடங்கின் முதல் சனிக்கிழமைக்கு மறுநாள், மார்ச் 29 அன்று, மத்திய உள்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. தொழிற்கூடம் மூடியிருக்கும் காலத்துக்கும் தொழிலாளருக்குப் பிடித்தமில்லாமல் உரிய தேதியில் சம்பளம் தர வேண்டும். தொழிலாளர் வாழ்வை நினைத்தால் நியாயமான ஆணை. அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு அதில் விடை இல்லை. கணக்குக்காக நூறு பேர் வேலை செய்யும் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு வாரம் 3,000 ரூபாய் என்றால் ஒரு சனிக்கிழமைக்கு 3 லட்சம். ஏழு வாரத்துக்கு 21 லட்சம். வரவு ஒரு ரூபாய்கூட இல்லாத ஏழு வாரம்.

ஏப்ரல் 15இல் சில தொழில்களைத் திறப்பதற்கான வழிகாட்டு நெறிகள் வந்தன. கூடவே ஒரு பயமும் பரவியது. தொழிற்சாலையில் ஒருவருக்குத் தொற்று வந்தால் நிர்வாகத்தின் மேல் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி வழக்குப் பாயும், சிறைகூட உண்டு என்று தொழில் வட்டாரங்களில் பேச்சு. அப்படியொரு விதி இல்லை என்று உள்துறைச் செயலர் மாநிலங்களுக்கு விளக்கக் கடிதம் எழுதியது ஏப்ரல் 23இல். இடைப்பட்ட எட்டு நாளும் அது பலருக்கு உண்மையான பயமாகவே இருந்தது. மே மாதத் தொடக்கப் பட்டியலில் திருப்பூர் மாவட்டம் சிவப்பு மண்டலத்தில் இருந்தது. மே 1 முதல் புலம்பெயர் தொழிலாளருக்கான சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கின. வடமாநிலத் தொழிலாளர் ஊர் திரும்பினார்கள். திறக்க அனுமதி வந்தபோது மெஷின் இருந்தது, தைக்க ஆள் இல்லை.

மே 18இலிருந்து மார்ச் ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12இல் உச்சநீதிமன்றம், முழுச் சம்பளம் தராத நிறுவனங்கள்மேல் கட்டாய நடவடிக்கை கூடாது, இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றது. அதற்குள் சம்பளம் கொடுத்தவர் கொடுத்திருந்தார்; கொடுக்காதவர் பயந்தபடி இருந்தார். கொடுத்தவருக்கு 'ஏமாந்துவிட்டோமோ' என்ற உறுத்தல். கொடுக்காதவருக்குத் தொழிலாளியின் முகத்தைப் பார்க்கக் கூச்சம்.

வைஸின் கூண்டு இதுதான். கம்பெனியைச் சாத்தினால் சம்பளமும் வட்டியும் ஏறுகின்றன. திறந்தால் யாருக்கோ தொற்று வந்து பழி சேருமோ என்ற அச்சம். ஆட்களை ஊருக்கு அனுப்பினால் ஆர்டர் திரும்பும்போது கைகள் இருக்காது. தங்கவைத்தால் சாப்பாடும் விடுதியும் அவர் செலவு. முடிவெடுக்கும் உரிமை முழுக்க அவரிடம் இருந்தது. எந்த முடிவையும் வலியில்லாமல் எடுக்கும் வழிதான் இல்லை.

நிவாரணமும் கடனாகவே வந்தது. ரிசர்வ் வங்கி மார்ச் 27இல் தவணைகளுக்கு மூன்று மாதம் விலக்கு அளித்து, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. தவணை நின்றதே ஒழிய வட்டி நிற்கவில்லை. மே மாதம் அறிவித்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தின் மொத்த அளவு 3 லட்சம் கோடி ரூபாய். 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை சொத்துப் பிணையில்லாமல் கூடுதலாகக் கடன் பெறலாம். ஒரு கோடி கடன் இருந்தால் இன்னும் 20 லட்சம். பல தொழில்களை மூழ்காமல் காத்த திட்டம் அது, மறுக்க முடியாது. ஆனால் நெருக்கடியை அது கரைக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு நீட்டிப் பரப்பியது. வங்கிக் கடனே எட்டாத பவர் டேபிள்காரருக்கு 20 சதவீதம் என்பது பூஜ்யத்தின் 20 சதவீதம்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2019இல் தொழில், வணிகம் செய்வோர் 9,052 பேர் தற்கொலையால் இறந்தார்கள். 2020இல் அந்த எண்ணிக்கை 11,716. ஒரே ஆண்டில் 29 சதவீத உயர்வு. அந்த ஆண்டு விவசாயத் துறையில் நேர்ந்த தற்கொலைகளைவிட, அதாவது 10,677ஐவிட, இது அதிகம்.

இந்த எண்ணை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். 'வணிகர்' என்ற அந்தப் பிரிவில் தள்ளுவண்டிக்காரரும் கடைக்காரரும் சேர்ந்தே வருகிறார்கள். எண்ணிக்கையில் பெரிய கூட்டம் தினக்கூலிகளுடையது: 2020இல் 37,666 பேர். சாவுகளின் கணக்கை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடக்கும் போட்டியாக வாசிப்பது அபத்தம்.

ஆனால் அதே அறிக்கைகளில் அதிகம் பேசப்படாத இன்னொரு வரி உண்டு. திவால், கடன் தொல்லை என்ற காரணத்தின் கீழ் பதிவான தற்கொலைகள் 2019இல் 5,908. 2020இல் 5,213. வணிகர் மரணங்கள் கூடிய ஆண்டில், கடன் காரணமாகப் பதிவானவை குறைந்திருக்கின்றன. காவல் நிலையத்தில் காரணம் எழுதப்படும் விதத்தில் குறைகள் இருக்கலாம். தவணை விலக்கால் வசூல் நெருக்குதல் தற்காலிகமாகத் தணிந்திருக்கலாம். எப்படியாயினும் 'கடன், அதனால் சாவு' என்ற எளிய சூத்திரம் போதவில்லை. கடனோடு வாழ்வது சிறு முதலாளிக்குப் புதிதல்ல. அவர் தொழிலே கடனில் ஓடுவதுதான். பிடி நழுவியதுதான் புதிது.

பெருநிறுவனங்களிலும் துறை முழுவதும் தாக்கப்படும்போது தலைமைக்கு விலை உண்டு. உல்ரிகே மால்மென்டியர் முதலியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வு, தம் துறையே நெருக்கடியில் சிக்கியபோது பதவியில் இருந்த அமெரிக்கத் தலைமை நிர்வாகிகளின் ஆயுள் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு குறைந்ததைக் காட்டியது. அவர்களுக்குக் கொழுத்த சம்பளமும் ஓய்வுத் தொகையும் உண்டு. நிறுவனம் கவிழ்ந்தாலும் வீடு ஏலத்துக்குப் போவதில்லை. இந்தப் பாதுகாப்பு எதுவுமில்லாத, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்திருக்கும் மனிதரின் ஆயுட்கணக்கைப் பார்க்க அந்த அளவு முயற்சி நடக்கவில்லை.

நாணயம்

தமிழில் 'நாணயம்' என்றால் காசும்தான், வாக்குத் தவறாமையும்தான். திருப்பூர் போன்ற ஊரில் இந்த இரண்டு பொருளும் ஒன்றே. கையெழுத்தில்லாமல் லட்சக்கணக்கில் நூலும் துணியும் கைமாறுவது 'அவர் நாணயமானவருங்க' என்ற ஒற்றைச் சொல்லின் மேல். அப்படிப்பட்டவர் தான் தூங்கி மூன்று வாரமாயிற்று என்று வெளியே சொன்னால் என்ன ஆகும்? நூல்காரர் ரொக்கம் கேட்பார். ஜாப் ஒர்க்காரர் பழைய பாக்கியை முதலில் முடிக்கச் சொல்வார். நல்ல டெய்லர்கள் வேறு கம்பெனி தேடுவார்கள். மனத்தளர்ச்சியை ஒப்புக்கொள்வது இங்கே கடன் தகுதியைக் குறைத்துக்கொள்வது. மௌனம் அவருக்கு வணிக உத்தியாகிவிடுகிறது.

அந்த மௌனத்துக்குத் தோதாக மொழியும் அமைந்திருக்கிறது. 'டென்ஷன்' என்று சொல்லலாம், எல்லோருக்கும் இருப்பது. 'பிரஷர்', 'சுகர்' என்று சொல்லலாம். அவை உடம்பின் நோய்கள், அவமானமில்லை. வாசல்வரை வரும் சொற்கள் இவை. அதற்கு உள்ளே இருப்பதைச் சொல்லும் சொற்கள் கம்பெனி ஆபீஸ் அறையில் புழங்குவதில்லை. ரத்த அழுத்த மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவரும் ஒருவரிடம் தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இரண்டாம் அலையில் காட்சி மாறியது, கூண்டு மாறவில்லை. 2021 மே 10 முதல் தமிழகத்தில் முழு ஊரடங்கு. 24 முதல் தளர்வுகளற்றது. மேற்கு மாவட்டங்களில் தொற்று கடுமையாக இருந்ததால் ஜூன் மாதத் தளர்வுகளும் அங்கே குறைவாகவே வந்தன. முதல் அலையில் சரக்கு இருந்தது, வாங்க ஆள் இல்லை. இப்போது வெளிநாட்டுக் கடைகள் திறந்து ஆர்டர் வந்தது, தைக்க அனுமதி இல்லை. ஆண்டின் இறுதியில் நூல் விலை எகிறியதை எதிர்த்து ஊரே கடையடைத்தது. ஆனாலும் 2021-22இல் திருப்பூரின் ஏற்றுமதி 30,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ஊர் மீண்டுவிட்டது என்று செய்தி வந்தது. மொத்தத் தொகை மீண்டது. இடையில் ஷட்டர் இறக்கியவர்கள் அந்தத் தொகைக்குள் இல்லை.

எச்சரிக்கை ஒலி

முதலாளிகளுக்கு யோகா வகுப்பு வைப்பதால் இந்த நெருக்கடி தீராது. வைஸின் எலிகள் மூன்று வழிகளைக் காட்டிவிட்டுப் போயிருக்கின்றன: முன்னறிவிப்பு, பிடி, அடியில்லாத முடிவு.

முன்னறிவிப்பு அரசின் கையில் இருக்கிறது. நான்கு மணி நேர அவகாசத்தில் வரும் அறிவிப்பும், எட்டு நாள் கழித்து வரும் விளக்கமும் தொற்றைப் போலவே ஆளைத் தின்னும். அடுத்த பெருந்தொற்றில் தொழில் தொடர்பான ஆணைகள் குறித்த நாளில், குறித்த நேரத்தில், ஒரே இடத்திலிருந்து வரவேண்டும். கெட்ட செய்தியாக இருந்தாலும் எப்போது வரும் என்று தெரிந்தால் மற்ற நேரத்தில் உடம்பு ஓய்வெடுக்கும். இதே நியாயம் கம்பெனிக்குள்ளும் பொருந்தும். இத்தனை ஆர்டர் இருக்கிறது, இத்தனை வாரம் தாங்கும் என்று தொழிலாளியிடம் கணக்கைத் திறந்து சொன்னால் இருபுறத்துப் பயமும் குறையும்.

பிடி என்பது பெரும்பாலும் பணம் வரும் தேதி. சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும், தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் புகார் கொடுத்தவருக்கு அடுத்த ஆர்டர் கிடைக்குமா? இந்தப் பயத்தில்தான் அந்தச் சட்டம் கிடப்பில் கிடந்தது. 45 நாளுக்குள் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் பின்னர் செய்த திருத்தம், புகார்தாரர் இல்லாமலேயே வேலை செய்வதால் கூர்மையானது. வெளிநாட்டு வாங்குநரை அது எட்டாது. தைத்து முடித்த சரக்கை ரத்து செய்தால் அதன் விலை யாரைச் சேரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கும் பலம் தனி முதலாளிக்கு இல்லை. சங்கமாகக் கேட்டால்தான் உண்டு.

மூன்றாவது, முடிவின் வலி. பொதுச் சுகாதாரத்துக்காகத் தொழிலை மூடச் சொல்லும்போது சம்பளத்தின் ஒரு பங்கைச் சமூகம் ஏற்க வேண்டும். பிரிட்டன் 2020இல் வேலையின்றி நிறுத்திவைக்கப்பட்ட தொழிலாளரின் ஊதியத்தில் 80 சதவீதத்தை, ஓர் உச்சவரம்புக்குள், அரசே தந்தது. அந்தச் செல்வ வளம் நம்மிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் முழுச் சுமையையும் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு ஆணை மட்டும் பிறப்பிப்பதற்கும் அதற்கும் நடுவில் எத்தனையோ படிகள் உண்டு.

இவை வரும்வரை, தாங்க முடியாத இரவுகளுக்கு 104 என்ற தமிழக அரசின் உதவி எண்ணும், 2022இல் தொடங்கிய 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் உள்ளன. பேசுபவர் முதலாளியா தொழிலாளியா என்று அங்கே கேட்பதில்லை, நாணயமும் குறையாது.

பனியன் கம்பெனி ஆபீசில் சனிக்கிழமை மதியம் சம்பளப் பட்டியல் போடுவார்கள். கட்டிங் மாஸ்டர், டெய்லர், கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று எல்லோர் பெயரும் வரிசையாக இருக்கும். இஎஸ்ஐ பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இருக்கும். அப்படி இருப்பதற்குத் தொழிலாளர் இயக்கங்கள் நெடுங்காலம் போராடின. பட்டியலை உட்கார்ந்து எழுதுபவரின் பெயர் இரண்டிலும் இருப்பதில்லை. தேசம் தன் தொழில் வளத்தைக் கணக்கெடுக்கும்போது முதல் பக்கத்தில் வரும் அவர், நோயைக் கணக்கெடுக்கும்போது எந்தப் பக்கத்திலும் வருவதில்லை.